வெயில் மருந்து

ஜூலை 12, ஞாயிறு

காலையில் மொட்டைமாடிக்குப் போனது தக்காளிச் செடிக்காக. செடிகளுக்கு மேல் நிழலுக்குக் கட்டியிருந்த பச்சை வலையை ஆடிக்காற்று தொடங்குமுன் அவிழ்த்து மடித்து வைத்துவிடலாம் என்று நினைத்தேன். மூலையைப் பிடித்து இழுத்தேன். வலை வரவில்லை, கையளவு துண்டுதான் வந்தது. இன்னொரு பக்கம் இழுத்தேன். அங்கேயும் அப்படியே. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் பொரித்த அப்பளம் போல நொறுங்கிச் சேலையெல்லாம் பச்சைத் தூள்.

இது கடையில் வாங்கிய வலை இல்லை. தை மாதம் கோயம்புத்தூர்க் கட்டடத்துக்கு நாங்கள் செய்து அனுப்பியதில் மிஞ்சிய துண்டு. அங்கே எட்டு மாடியையும் மாடிக்கு ஒன்றாகச் சுற்றி, மேலே வேலை செய்கிறவன் தவறி விழுந்தால் தாங்குவதற்காக இதைத்தான் கட்டியிருக்கிறார்கள்.

கீழே வந்து வீட்டுக்காரரிடம் காட்டினேன். இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு பார்வை பார்த்தார்.

"வெயில்ல கெடந்தா அப்பிடித்தான் ஆகும்."

"அங்கயும் வெயில்லதானுங்க கெடக்குது."

"சட்னி கொஞ்சம் வையி புள்ள" என்றார்.

வைத்தேன். இன்னும் ரெண்டு மிளகாயை அதில் கிள்ளிப் போட்டு வைத்தேன்.

ஜூலை 13, திங்கள்

கரூரில் வலைப் பட்டறை வைத்திருக்கிறவரிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். பெண் கேட்கலாம், கடன் கேட்கலாம். "உங்க கலவை என்னங்க?" என்று மட்டும் கேட்கக்கூடாது. பிளாஸ்டிக் குருணை எவ்வளவு, கலர் குருணை எவ்வளவு, மருந்து எவ்வளவு என்பது முதலாளிக்கும் அவர் தராசுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. எங்கள் வீட்டுக்காரர் பொங்கியண்ணன் கலக்கும்போது கலவை அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நானும் அந்தக் கதவுக்கு வெளியேதான். ஆர்டர் பிடிப்பது நான், ஆளுக்குச் சம்பளம் போடுவது நான், வரி கட்டுவது நான். கலவை மட்டும் அவர். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தொழில் முறை அப்படி.

இன்று அவர் சந்தைக்குப் போனதும் அறைக்குள் போனேன். பூட்டுச் சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருப்பது எனக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மூலையில் வெயில் மருந்து மூட்டை இருந்தது. எங்கள் ஊரில் அதற்கு அதுதான் பேர். வெள்ளைக் குருணை. அதைக் கலந்து இழை இழுத்தால் பிளாஸ்டிக் வருஷக்கணக்கில் வெயிலைத் தாங்கும். பச்சை ஆர்டர் வந்தபோது நான்தான் சொல்லி வாங்க வைத்தேன். மூட்டையின் வாய்த்தையல் பிரிக்கப்படவே இல்லை. மேலே பல்லி முட்டை போட்டிருந்தது.

புரிந்துவிட்டது. நாங்கள் இத்தனை வருஷமாகக் கட்டட வலை போட்டதெல்லாம் கருப்பு. கருப்பு நிறத்துக்குப் போடுகிற கரியே வெயிலைத் தடுத்துக்கொள்ளும், தனி மருந்து தேவையில்லை. அந்தக் கட்டடக்காரர்கள்தான் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று பச்சை கேட்டார்கள். இவர் கருப்புக் கலரை எடுத்துவிட்டுப் பச்சைக் கலரைப் போட்டிருக்கிறார். மற்றதெல்லாம் பழைய கை அளவு. பக்கத்தில் ஒரு ஆள் நின்றிருந்தால், "ஏனுங்க, மூட்டையப் பிரிக்கலையே?" என்று கேட்டிருப்பார்.

ஜூலை 15, புதன்

சண்டை. எழுதி வைக்கிற அளவுக்குச் சண்டை.

மூட்டையை இழுத்து வந்து கூடத்தில் வைத்தேன். சாவி எப்படிக் கிடைத்தது என்றுதான் முதலில் கேட்டார். மனுசனுக்கு எது முக்கியம் பாருங்கள்.

"நொறுங்குனது மேல போர்த்துற பொடி வலை. நூலு முடி மொத்தம்தான் இருக்கும், அதுல வெயில் உடனே எறங்கிரும். ஆளத் தாங்குறது அடியில இருக்குற கயித்து வலை. கயிறு சுண்டுவிரல் மொத்தம் புள்ள. உள்ள வெயிலே போவாது" என்றார்.

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. முழுப்பொய் என்றால் ஒரு அதட்டில் முடித்துவிடலாம்.

"சரி, போய் ஒரு கயித்த அறுத்துப் பாத்துட்டு வந்துருலாமுங்க."

"எதுக்கு? எம் பொருளு மேல நானே பழி போடறதுக்கா? கரூரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஒருத்தன் உளுந்தா அழுவாங்க, அது பரவால்லீங்களா?"

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கட்டடத்து இன்ஜினியர் ஜெயபாலனுக்குப் போன் போட்டேன். "மேடம், வலை பச்சைப் பசேல்னு சூப்பரா இருக்கு. எங்க முதலாளி ஆடில புது வேலை ஆரம்பிக்க மாட்டார். ஆவணி ஒண்ணுல மேல்தளம் கான்கிரீட். அதுக்கு முன்னாடி ஆடிப் பெருக்கு முடிஞ்சதும் சென்ட்ரிங் ஆளுங்க வெளிப்பக்கம் ஏறுவாங்க. அது வரைக்கும் எல்லாம் உள்வேலைதான்" என்றார்.

ஆக, ஆடிப் பெருக்கு வரை நேரம் இருக்கிறது. அதற்குள் அந்த வலை இறங்கியாக வேண்டும். இறக்குவேன்.

ஜூலை 17, வெள்ளி

ஆடி ஒன்று. தேங்காய் சுட்டோம். கண்ணைத் துளைத்து, பொட்டுக்கடலை, வெல்லம், பச்சரிசி, எள்ளு போட்டுக் குச்சியில் குத்தி நெருப்பில் பிடிக்க வேண்டும். எங்கள் வீதி முழுக்கப் புகை. எங்கள் பட்டறையில் நூல் சுற்றும் பேபி அவள் தேங்காயைக் கருக்கிவிட்டு என்னுடையதைப் பார்த்துப் பொறாமைப்பட்டாள். அவருடைய தேங்காய் வெடித்துவிட்டது. குச்சியைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தால் வெடிக்காமல் என்ன செய்யும்?

ஜூலை 20, திங்கள்

அவரிடம் சொல்லாமல் கோயம்புத்தூர் பஸ் ஏறினேன். மோர் மிளகாய் வாங்கப் போகிறேன் என்று பேபியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

சரவணம்பட்டிப் பக்கம் அந்தக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் எனக்கு என் பட்டறைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. தண்ணீர்க் குழாய் பிளாஸ்டிக். ஜன்னல் சட்டம் பிளாஸ்டிக். ஒயருக்கு மேல் உறை பிளாஸ்டிக். குளியலறை ஒழுகாமல் இருக்கத் தரையில் பாலில் கலக்கிய சிமெண்ட் மாதிரி எதையோ பூசிக்கொண்டிருந்தார்கள், அதுவும் பிளாஸ்டிக் பால்தானாம். பூச்சு வெடிக்காமல் இருக்க மூலையில் வலைத்துணி ஒட்டுகிறார்கள். வேலை செய்கிற பெண்கள் சேலைக்கு மேல் போட்டிருக்கும் ஆம்பளைச் சட்டையும் பாலியஸ்டர். வெளியே தெரிவதுதான் கல்லும் கம்பியும். பாதிக் கட்டடம் எங்கள் சொந்தக்காரர்கள்.

ஜெயபாலன் நல்ல பிள்ளைதான். சேர் போட்டார், இளநீர் வாங்கிக் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

"மேடம், வித்தவங்களே வந்து பொருள் சரியில்லைன்னு சொல்றத நான் இப்பதான் பாக்கறேன். எங்கயும் கிழியல. நான் எதை வெச்சு முதலாளிகிட்ட சொல்றது?"

"ஒரு மூட்டையப் போட்டுப் பாருங்க."

"நல்லா இருக்கற வலையில மூட்டையப் போட்டுக் கிழிக்கச் சொல்றீங்களா? உங்க வீட்டுக்காரர் வந்து சொல்லட்டும். அவர்தானே தயாரிப்பாளர்? நேத்து அவர்கிட்ட பேசினேன். கயிறு தாங்கும்னு சொன்னார்."

எனக்கு முன்னால் எங்கள் வீட்டுக்காரரே இவரிடம் பேசியிருக்கிறார்! எனக்கு வந்த கோபத்தில் இளநீர் உள்ளே இறங்கவில்லை.

"அவ்வளவு நம்பிக்கைன்னா நீங்க குதிச்சுக் காட்டுங்க" என்றேன். சிரித்தார். குதிக்கவில்லை.

திரும்பி வரும்போது படிக்கட்டில், கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் மேஸ்திரி முனிரத்தினம் நின்றிருந்தார். திருவண்ணாமலைப் பக்கம் ஊர். நாங்கள் பேசியதைக் கேட்டிருக்கிறார். "யாரும்மா நீங்க? வலைய பத்தி இன்னாவோ சொன்னீங்களே" என்றார். சொன்னேன். ஒளிக்கவில்லை. மேலே ஏறப்போகிறவர் அவர்தானே.

மேலே போனார். வலையின் ஓரத்தில் முடிச்சுக்கு மேல் மிஞ்சித் தொங்கிய கயிற்றை ஆக்ஸா பிளேடால் அறுத்து என் கையில் கொடுத்தார். "எங்க மூணாவது மாடியில தெக்க பாத்து கெடந்தது. நல்லா வெயில் வாங்கனது. போய் பாருங்கம்மா. பாத்துட்டு எனக்கு சொல்லுங்க. இன்ஜினியருக்கு சொல்லாட்டியும் எனக்கு சொல்லுங்க."

கயிற்றைச் சோற்று டப்பாவுக்குள் வைத்துக் கொண்டு வந்தேன்.

ஜூலை 21, செவ்வாய்

பேசவில்லை. அவரும் பேசவில்லை. ரசம் வைத்தேன்.

ஜூலை 22, புதன்

மத்தியானம் தட்டு வைத்தேன். அதில் சோறு வைக்கவில்லை. முனிரத்தினம் கொடுத்த கயிற்றை ஒரு பக்கமும், குடோனிலேயே கிடந்த அதே பச்சைக் கயிற்றில் ஒரு முழத்தை இன்னொரு பக்கமும் வைத்தேன். தண்ணீர் டம்ளரும் வைத்தேன், மரியாதைக்கு.

"என்ன புள்ள இது?"

"நீங்க ஆக்கனதுதானுங்க. சாப்புடுங்க."

என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு இரண்டையும் எடுத்தார். விரலால் நீவினார். வெயில் வாங்கிய கயிறு கையில் வெள்ளைப் பொடியாக ஒட்டியது. எழுந்து பட்டறைக்குப் போனார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

குருணை மூட்டை தூக்குகிற கொக்கியில் முதலில் புதுக் கயிற்றைக் கட்டி மூட்டையைத் தொங்கவிட்டார். தாங்கியது. இன்னொரு மூட்டையைச் சேர்த்தார். தாங்கியது. அவிழ்த்துவிட்டு வெயில் வாங்கியதைக் கட்டினார். முதல் மூட்டையை விட்டதுமே அறுந்தது. சத்தம் கேட்டுப் பேபி ஓடிவந்தாள். "ஒண்ணுமில்ல, போ" என்றார்.

மிச்சம் இருந்த துண்டில் மறுபடி முடிச்சுப் போட்டார். முடிச்சுப் போடும்போதே உரிந்தது. கீழே கொட்டிக் கிடந்த குருணையை அவரே கூட்டி அள்ளினார். ரொம்ப நேரம் அள்ளினார். நான் சோறு கட்டி எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிக்கொண்டார், சாப்பிடவில்லை.

"கயிறு மொத்தம்னு நெனச்சேன்" என்றார்.

எனக்குத் திட்ட ஆயிரம் வார்த்தை இருந்தது. எல்லாத்தையும் சேர்த்து வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. பாவமாக இருந்தது. எனக்கு அவர் மேல் பாவப்படுவது பிடிக்காது.

ஜூலை 24, வெள்ளி

கோயம்புத்தூர் போனோம். வெள்ளகோவிலில் டீ குடித்தோம்.

ஜெயபாலன் இப்போதும் மசியவில்லை. "சார், இப்ப இறக்குனா ஆவணி ஒண்ணு தள்ளிப்போகும். கான்கிரீட் முடியட்டும், மாத்திக்கலாம். இத்தனை நாள் இருந்த வலை இன்னும் ஒரு மாசம் இருக்காதா?"

எங்கள் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். மூன்றாவது மாடிக்கு ஏறினார். எனக்கு மூச்சு வாங்கியது, பின்னாலேயே போனேன். அங்கே அடுக்கியிருந்த சிமெண்ட் மூட்டையில் ஒன்றைத் தோளில் தூக்கினார். ஐம்பத்து மூன்று வயது மனிதர், சர்க்கரை வேறு. "ஏனுங்க, வேண்டாமுங்க!" என்று கத்தினேன். கீழே ஆள் இல்லை என்று முனிரத்தினம் பார்த்துச் சொன்னதும், ஓரத்தில் நின்று ஒரு ஆள் உயரத்துக்குக் கீழே இருந்த வலைமேல் விட்டார்.

வலை மூட்டையை நிறுத்தவே இல்லை. படபடவென்று நூல் அறுகிற சத்தம் வந்தது, அவ்வளவுதான். மூட்டை தரையில் மோதி வெடித்து வாசல் முழுக்கச் சிமெண்ட் புகை. ஓட்டை வழியாகக் கீழே நின்ற மிக்சர் மெஷின் தெளிவாகத் தெரிந்தது.

குழாய் வேலை பார்த்தவர்கள், பூச்சு வேலைப் பெண்கள் எல்லாரும் ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் பக்கம் எங்கள் வீட்டுக்காரர் திரும்பினார். வாழ்நாளில் இத்தனை பேர் முன்னால் பேசியதில்லை. எங்கள் கல்யாணத்தில்கூட மைக்கைக் கொடுத்ததற்கு ஓடிப்போனவர்.

"இது நாங் கலந்ததுங்க. மருந்து போடல. மறந்துட்டேன். இவங்க மேல தப்பில்ல, எம் மேலதான். இந்த வலைய நம்பி யாரும் ஏறாதீங்க. நான் வேற கட்டிக் குடுக்கறேன், காசு வேண்டாம்."

ஜெயபாலன் போனில் முதலாளியிடம் பேசிக்கொண்டே இருந்தார். இங்கே முனிரத்தினம் யாரையும் கேட்காமல் தன் ஆட்களோடு வலையை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. தலைமுடியெல்லாம் பச்சைத்தூள் விழுந்து எல்லாரும் ஒரு மாதிரி இருந்தார்கள்.

பக்கத்தில் நின்ற பெண்ணின் தலையில் விழுந்த தூளைத் தட்டிவிட்டேன். இவர்கள் இதை நம்பித்தானே இத்தனை மாசமாக மேலே வேலை செய்தார்கள்.

ஜூலை 26, ஞாயிறு

ஊர் பேசுகிறது. காய்கறிக் கடையில் நான் போனதும் பேச்சு நின்றது. நல்ல கத்தரிக்காயாகப் பொறுக்கி வாங்கிக்கொண்டு வந்தேன். நிதானமாகத்தான் பொறுக்கினேன்.

ஜூலை 27, திங்கள்

இன்று காலை கலவை போடுகிற நாள். அவர் குளித்துவிட்டு அறைக்குள் போனார். நான் வழக்கம்போலக் கணக்கு மேசையில் உட்கார்ந்தேன். தாழ்ப்பாள் சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"இந்தா புள்ள, வா. நீ எட போடு."

"நானுங்களா?"

"நாங் கலந்தா நீ பாக்கோணும். நீ கலந்தா நான் பாக்கறேன். ஒத்தக் கண்ணுல போட்டதுதான் இப்பிடி வந்து நிக்குது."

போனேன். குருணை இவ்வளவு, பச்சை இவ்வளவு, மருந்து இவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வாய்விட்டுச் சொன்னார், பேபிக்குக்கூடக் கேட்டிருக்கும். மூட்டைத் தையலை நான்தான் பிரித்தேன். தராசு முள் நேராக நிற்கிறதா என்று இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். மருந்து அளவைச் சந்தேகத்துக்கு மறுபடி நிறுத்தேன்.

அந்த அறை இவ்வளவு சின்னது என்று எனக்கு அன்றைக்குச் சாவி எடுத்துப் போனபோது தெரியவில்லை. ஜன்னல்கூட இல்லை. அவர் இத்தனை வருஷம் அந்தப் புழுக்கத்தில் தனியாக நின்றிருக்கிறார். கண்ணில் குருணைத் தூசி விழுந்துவிட்டது, கொஞ்ச நேரம் வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 3, திங்கள்

ஆடிப் பெருக்கு. ஊரே காவிரிக்குப் போயிருக்கிறது. நாங்கள் போகவில்லை. இழை இழுக்கும் மெஷின் நிற்கவில்லை, கயிறு முறுக்குகிற மெஷினும் நிற்கவில்லை. பேபியும் மற்றவர்களும் லீவு கேட்காமல் வந்தார்கள், அவர்களுக்கு நான் என்ன செய்யப் போகிறேனோ. எலுமிச்சம்பழச் சாதமும் தேங்காய்ச் சாதமும் கட்டிக்கொண்டு வந்து முடிச்சுப் போடுகிற இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். "ஆத்துல உடற தாலிக்கயித்த இங்க முடிஞ்சுட்டுப் போலாமாக்கா" என்றாள் பேபி. வாயை மூடிக்கொண்டு முடிச்சுப் போடு என்றேன்.

ஆகஸ்ட் 6, வியாழன்

மின்சாரம் இல்லை. மத்தியானம் வரைக்கும் கையால் முடிச்சுப் போட்டோம். விரல் வெடித்துவிட்டது. நல்லெண்ணெய்.

ஆகஸ்ட் 13, வியாழன்

புது வலை நேற்றே கட்டியாயிற்று. இன்று சென்ட்ரிங் ஆட்கள் ஏற வேண்டிய நாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் கீழே உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயபாலன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஏற மாட்டேன் என்கிறார்களாம்.

முனிரத்தினம் எழுந்து வந்தார். "அம்மா, உங்கள குத்தம் சொல்லல. நீங்க வந்து சொன்னதாலதான் நாங்க இருக்கறோம். ஆனா போன வலையும் புதுசுல நல்லாத்தான் இருந்துது. இது என்னிக்கு கெடும்னு எங்களுக்கு எப்டிம்மா தெரியும்?"

நியாயமான கேள்வி. எங்கள் வீட்டுக்காரர் அதற்கு ஒரு ஏற்பாடு செய்திருந்தார். வலையின் ஒவ்வொரு மூலையிலும் அதே கயிற்றில் வால் மாதிரித் துண்டுகள் தொங்கவிட்டிருந்தார். "மாசம் ஒண்ண அறுத்துக் கொக்கில மூட்டையக் கட்டிப் பாருங்க. அறுந்துச்சுன்னா அன்னிக்கே வலைய எறக்கிருங்க. எங்களக் கேக்கவே வேண்டாம்" என்றார். முனிரத்தினம் ஒரு வாலைக் கையில் சுற்றிக் காலை ஊன்றி இழுத்துப் பார்த்தார். தலையாட்டினார். அவர் ஆட்கள் தலையாட்டவில்லை.

அவர்களில் ஒருத்தி, அஞ்சலை என்று பேர், பட்டென்று கேட்டாள்: "மூட்டை உளுந்து இன்னா? மனுசங்க உளுந்தா தெரியும். நீ குதிப்பியாக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்ட ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"நீங்க இருங்க. இந்தத் தடவ எட போட்டது நானு."

அஞ்சலையிடம் சட்டையைக் கேட்டு வாங்கிச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டேன். மஞ்சள் தொப்பியும் போட்டுவிட்டார்கள். மூன்றாவது மாடிக்கு ஏறினேன். ஜெயபாலன், "மேடம், வேண்டாம் மேடம், எனக்குப் பிரச்சினை ஆயிடும்" என்று பின்னாலேயே வந்தார். ஓரத்தில் கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. காலையில் கேஸை அணைத்தோமா என்று மட்டும் யோசித்தேன். மாரியாத்தா பேரைச் சொன்னேன், அது எப்போதும் சொல்வதுதான். கம்பியிலிருந்து கை வர மாட்டேன் என்றது, துருப்பிடித்த கம்பி, ஒட்டிக்கொண்டிருக்கும்.

அப்புறம் குதித்தேன்.

வலை என்னை வாங்கிக்கொண்டது. அடியில் இறங்கி, மேலே தூக்கி, மறுபடி இறக்கி நிறுத்தியது. தொப்பி எங்கேயோ போய்விட்டது. மல்லாந்து கிடந்தேன். மேலே ஓரத்தில் வரிசையாகத் தலைகள். நடுவில் அவர் தலை.

"சாரதா! சாரதாமணி!"

அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "இந்தா", "புள்ள", இவ்வளவுதான். அத்தனை பேர் முன்னால் தொண்டை கிழியக் கத்துகிறார்.

"இருக்கேனுங்க! கத்தாதீங்க!" என்றேன்.

வலையிலிருந்து ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நான்கு பேர் இழுத்தார்கள். அஞ்சலை என் கையைப் பிடித்துத் தூக்கும்போது அழுதுகொண்டிருந்தாள், விளையாட்டுக்குத்தானே கேட்டேன் என்று. முனிரத்தினம் பீடியை அணைத்தார். பாதுகாப்பு பெல்ட்டை இடுப்பில் மாட்டினார். ஏணியில் கால் வைத்தார். பின்னாலேயே மற்றவர்களும் ஏறினார்கள்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

இடுப்பு நிமிரவில்லை. அவர்தான் தைலம் தேய்த்தார். தேய்க்கும்போது திட்டிக்கொண்டே தேய்த்தார். சோறும் அவர்தான் வடித்தார், குழைந்துவிட்டது.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

நேற்று கான்கிரீட் போட்டார்களாம். ஜெயபாலன் போட்டோ அனுப்பினார். இங்கே தக்காளி காய்க்க ஆரம்பித்திருக்கிறது.

செப்டம்பர் 9, புதன்

காலையில் வாலாஜா வியாபாரி கொசுவலை கேட்டு வந்தார், பேசிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. முனிரத்தினம்.

"அம்மா, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேனுங்க. வலைக்கு என்ன? வால் அறுந்துருச்சா?"

"வலைக்கு ஒண்ணும் இல்லம்மா. நேத்து சாயங்காலம் பலகை பிரிக்க சொல்ல பெல்ட் கொக்கிய கழட்டி மாட்டறதுக்குள்ள கால் வழுக்கிடுச்சி. ஏழாவது மாடி."

வியாபாரி என் முகத்தைப் பார்த்து எழுந்துவிட்டார்.

"யாருக்கு?" என்று கேட்டேன்.

"எனக்குத்தாம்மா. வலையில உளுந்தேன். மணிக்கட்டு சுளுக்கு, வேற ஒண்ணும் இல்ல. ராவுல வீட்டுக்கு போன் பண்ணேன், பாப்பா அழுதுச்சி. உங்களுக்கு சொல்லணும்னு தோணுச்சி. அந்த வலையில கெடக்க சொல்ல ஒண்ணு நெனச்சேம்மா. நான் தெரியாம உளுந்தேன். நீங்க தெரிஞ்சே குதிச்சீங்க. அன்னிக்கு எவ்ளோ பயந்திருப்பீங்க!"

"பயமா? எனக்கென்ன பயம்" என்றேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன், சுளுக்குக்கு உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன், போனை வைத்தேன்.

கலவை அறையிலிருந்து அவர் வந்து, "யாரு புள்ள?" என்று கேட்டார். வியாபாரி பார்க்கிறாரே என்றுகூடத் தோன்றவில்லை, வீட்டுக்காரர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

பயந்தேன். செத்துப்போய்விடுவேன் என்றுதான் நினைத்துக் குதித்தேன்.